வடிகால் நாற்றம்: அந்த இரண்டு அங்குலத் தண்ணீர் எங்கே போனது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக எழுதிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். புதுச்சேரி லாஸ்பேட்டையில் முதல் மாடி வாடகை வீடு. இரண்டு குளியலறைகள். அதிகாலையில் அழுகிய முட்டை நாற்றம், மழை நாளில் அதைவிட மோசம். ஆசிட், ஃபினாயில், நாப்தலீன் உருண்டை எல்லாம் போட்டாயிற்று. இரண்டே நாளில் நாற்றம் திரும்பிவிடுகிறது. வீட்டு உரிமையாளர், “கடலோர ஊர் என்றால் அப்படித்தான், பழகிவிடும்” என்கிறார். இது போதாதென்று, கடலூர் மஞ்சக்குப்பத்தில் பூட்டிக் கிடக்கும் உங்கள் பெற்றோர் வீட்டைத் திறந்தாலே குமட்டுகிறது.

முதலில் உரிமையாளர் சொன்னதை ஒதுக்கிவிடுங்கள். இதற்குப் பழகவும் வேண்டாம், பழகவும் கூடாது. ஒழுங்காகக் குழாய் பதித்த வீட்டுக்குள் சாக்கடை நாற்றம் வரவே வராது. வருகிறது என்றால் எங்கோ ஒரு தடுப்பு போய்விட்டது என்று பொருள். இந்த இரண்டு ஊர்களிலும் கட்டட வேலைகளை நெடுங்காலம் மேற்பார்வை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த இடத்தைப் பிளம்பர் வருவதற்கு முன்பே நீங்களே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

தடுப்பு என்றேனே, அது வெறும் தண்ணீர்தான். கழிவுநீர் வெளியேறும் ஒவ்வொரு வாயின் கீழும் ஒரு வளைவு இருக்க வேண்டும். குளியலறைத் தரையில் நஹானி டிராப், முகம் கழுவும் தொட்டிக்கு அடியில் பாட்டில் டிராப், வெஸ்டர்ன் கோப்பையில் அதன் உடம்போடு சேர்ந்தே வரும் வளைவு. மடக்கிய யானைத் தும்பிக்கை போன்ற அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். பிளம்பர்கள் இதை வாட்டர் சீல் என்பார்கள். அதன் ஆழம் 50 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம் இருக்க வேண்டும். அந்த இரண்டு அங்குலம் இருக்கும்வரை கழிவுநீர் வெளியே போகும். குழாயில் இருக்கும் காற்று உள்ளே வராது. வடிகால் நாற்றம் பற்றிய பெரும்பாலான கேள்விகள் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: அந்தத் தண்ணீர் எங்கே போனது?

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கழிவுநீர்க் குழாயிலும் செப்டிக் டேங்கிலும் பிராணவாயு இல்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிரிகள் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயுவை உண்டாக்குகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையதுதான். காற்றைவிடச் சற்றுக் கனமானது என்பதால் தாழ்வான, காற்றோட்டமில்லாத மூலைகளில் தங்கும். மிக மிகக் குறைந்த அளவிலேயே நம் மூக்கு அதைக் கண்டுகொள்ளும். ஆனால் காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை அது எட்டினால் மூக்கு மரத்துப்போய்விடும். நாற்றம் நின்றுவிட்டதாகத் தோன்றும், வாயு நின்றிருக்காது. 2024 ஜூன் மாதம் நம் புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில், கழிவறை வழியாக வீட்டுக்குள் வந்த விஷவாயு ஒரு பள்ளி மாணவி உட்பட மூன்று பேரின் உயிரைப் பறித்தது. அதற்குப் பிறகும் இந்த ஊரில் ஒருவர் “பழகிவிடும்” என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் வீட்டில் வருவது பெரும்பாலும் தொல்லை தரும் அளவுதான். ஆனாலும் திடீரென்று கடுமையாக நாறினால், கண் எரிந்தால், தலை சுற்றினால், எல்லாரும் உடனே வெளியே போய்விடுங்கள். பிறகு 108க்கும் 101க்கும் அழையுங்கள். கழிவறைக்குள் ஒருவர் மயங்கி விழுந்துவிட்டால் அவரைத் தூக்கத் தனியாக உள்ளே ஓடாதீர்கள். தூக்கப் போனவரையும் சேர்த்து வீழ்த்துவது இந்த வாயுவின் இயல்பு.

அடுத்து, ஆசிட்டை இன்றே நிறுத்துங்கள். குழாயில் படிந்த கறுப்புச் சேற்றில் சல்பைடு இருக்கும். அதன்மீது அமிலம் பட்டால் அதே விஷவாயு கூடுதலாக வெளியேறும். ஆசிட் ஊற்றிய இடத்திலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதிலிருந்து கிளம்புவது குளோரின் வாயு; மூடிய குளியலறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். இரண்டையும் எந்தக் காரணத்துக்காகவும் கலக்கக் கூடாது. நாப்தலீன் உருண்டை ஒரு நாற்றத்தின்மீது இன்னொரு நாற்றத்தைப் போர்த்துகிறது, அவ்வளவுதான்.

பிறகு ஃபினாயில் போட்டதும் இரண்டு நாள் நாற்றம் அடங்கியது எப்படி என்று கேட்பீர்கள். ஃபினாயிலோடு ஒரு வாளித் தண்ணீரும் ஊற்றினீர்கள் அல்லவா? அந்தத் தண்ணீர் டிராப்பை நிரப்பியது. வேலை செய்தது தண்ணீர். பெயர் ஃபினாயிலுக்குப் போனது. நாற்றம் எவ்வளவு நாளில் திரும்புகிறது என்பதே ஒரு தடயம். வாரக்கணக்கில் ஆனால் தண்ணீர் ஆவியாகிப் போகிறது. ஓரிரு நாளில் என்றால் டிராப்பில் விரிசல் இருக்கலாம், அல்லது முடி சிக்கியிருக்கலாம். நீண்ட முடிக்கற்றை ஒன்று டிராப்பின் விளிம்பைத் தாண்டித் தொங்கினால், விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வெளியே இழுத்துவிடும். சில மணி நேரத்திலேயே திரும்பினால், குழாயில் உண்டாகும் காற்றிழுப்பு தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போகிறது. உடனே திரும்பினால் டிராப்பே இல்லை, அல்லது அதற்குள் இருக்க வேண்டிய கிண்ணம் இல்லை.

அந்தக் கிண்ணத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எனக்குத் தெரிந்த அளவில் மிக அதிகமான வீடுகளில் குறை இங்கேதான். நஹானி டிராப்பில் ஒரு வகைக்கு ஓட்டை மூடியின் கீழே கவிழ்த்து வைத்த கிண்ணம் ஒன்று இருக்கும். அதன் விளிம்பு தண்ணீருக்குள் மூழ்கியிருப்பதுதான் தடுப்பு. முடி அடைத்துக்கொண்டு தண்ணீர் மெதுவாகப் போகிறது என்று யாராவது அதைக் கழற்றுவார்கள். கழற்றியதும் தண்ணீர் வேகமாகப் போகும். ஆகவே திரும்ப வைக்க மாட்டார்கள். அன்றிலிருந்து குளியலறைக்கும் சாக்கடைக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. மேல்மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள். அசையாத தண்ணீர் தெரிந்து, அது ஒரு தடுப்புச் சுவரின் இரு பக்கமும் நின்றால் நல்லது. நேரே கீழே இருட்டுக் குழாய் தெரிந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டான். கிண்ணம் ஹார்டுவேர் கடையில் தனியாகவே கிடைக்கும். பழைய டிராப்பின் அளவை எடுத்துக்கொண்டு போனால் போதும்.

இரண்டு குளியலறை, சமையலறை, பால்கனி என்று பல வாய்கள் இருக்கும்போது எது நாறுகிறது என்று மூக்கை வைத்துக் கண்டுபிடிக்க முயல வேண்டாம். சிறிது நேரத்திலேயே மூக்கு ஏமாற்றத் தொடங்கும். இப்படிச் செய்யுங்கள். இரவு படுக்கும் முன் எல்லா வாய்களிலும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு பாலிதீன் பைகளில் பாதியளவு தண்ணீர் நிரப்பி, இறுக முடிச்சுப் போட்டு, ஒவ்வொரு தரை வாயின்மீதும் படுக்க வையுங்கள். தண்ணீரின் எடையில் பை தரையோடு ஒட்டிக்கொண்டு நன்றாக அடைத்துவிடும். முகம் கழுவும், பாத்திரம் கழுவும் தொட்டிகளின் வாய்க்கு ஈரத்துணி போதும். காலையில் எந்த அறையிலும் நாற்றம் இல்லை என்றால் வழி அந்த வாய்களில் ஒன்றுதான். அடுத்தடுத்த இரவுகளில் ஒவ்வொன்றாகத் திறந்து விட்டுப் பாருங்கள். எல்லாம் மூடியும் நாறினால் கழிவறைக் கோப்பையின் அடிப்பகுதி, சுவருக்குள் இருக்கும் குழாய், வெளியே இருந்து ஜன்னல் வழியாக வரும் காற்று என்று தேடல் வேறு பக்கம் திரும்ப வேண்டும். தீக்குச்சி, ஊதுபத்தி வைத்துப் புகையைப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சாக்கடைக் காற்றில் எரியக்கூடிய மீத்தேனும் உண்டு, ஆகவே நெருப்பே வேண்டாம். மெல்லிய டிஷ்யூ தாளைக் கீற்றாகக் கிழித்து ஓட்டை மூடியின்மேல் பிடித்தாலே காற்று மேலே வருவது தெரிந்துவிடும்.

அந்த டிஷ்யூ சோதனையை எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டும் ஒருமுறை செய்யுங்கள். இப்போதெல்லாம் குளியலறைக் கதவு இடைவெளியே இல்லாமல் பொருந்துகிறது. ஃபேன் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வேண்டும். கதவில் வழியில்லை என்றால் அது வடிகாலிலிருந்து உறிஞ்சும். ஃபேன் போட்டால்தான் நாறுகிறது என்று புலம்புகிற வீடுகளில் கதவின் அடியில் விரல் கனத்துக்கு இடைவெளி விட்டால் பெரும்பகுதி சரியாகிவிடும்.

இனி உங்கள் அதிகாலைப் பிரச்சினை. உங்களுக்கு மேலே இன்னொரு மாடியில் குடித்தனம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். காலை ஐந்தரை ஆறு மணிக்கு மேல் வீட்டில் ஃப்ளஷ் செய்யும்போது உங்கள் தரை வாயில் களுக் களுக் என்று சத்தம் கேட்கிறதா? கேட்டால் நான் ஏறக்குறைய உறுதியாகச் சொல்வேன்: சிக்கல் வென்ட் பைப்பில்தான், அதாவது கழிவுநீர்க் குழாய்க்குக் காற்று போக்குவரத்து தரும் குழாயில். மேலிருந்து இறங்கும் தண்ணீர் தனக்கு முன்னால் இருக்கும் காற்றைத் தள்ளிக்கொண்டும் பின்னால் இருப்பதை இழுத்துக்கொண்டும் வரும். தள்ளும்போது உங்கள் டிராப் வழியாக நாற்றம் குமிழ்விட்டு வெளியே வரும். இழுக்கும்போது டிராப்பின் தண்ணீரே போய்விடும். இப்படி ஆகாமல் இருக்கத்தான் செங்குத்துக் குழாயை மொட்டைமாடிக்கு மேலே நீட்டித் திறந்துவிடுவது. மாடியில் ஓடு பதிக்கும்போது அந்தக் குழாயை அறுத்து மூடி போட்டுவிடுகிறார்கள். மேலே இன்னொரு தளம் எழுப்பும்போது நீட்ட மறந்துவிடுகிறார்கள். கொசுவலையில் குளவி கூடு கட்டிவிடுகிறது. உரிமையாளரையும் அழைத்துக்கொண்டு மாடிக்குப் போய்ப் பாருங்கள். குழாயின் வாய்க்கு நேரே முகத்தைக் கொண்டுபோக வேண்டாம்.

செப்டிக் டேங்குக்கான இந்தியத் தர விதியில் இதற்கு அளவே இருக்கிறது. வென்ட் பைப் குறைந்தது 50 மில்லிமீட்டர் விட்டம். வாயில் கொசு புகாத வலை. தொட்டி கட்டடத்திலிருந்து 15 மீட்டருக்குள் இருந்தால் குழாய் கட்டடத்தின் உச்சிக்கு மேல் 2 மீட்டர் உயரம் போக வேண்டும். புதுச்சேரி மனைகளின் அகலத்துக்கு 15 மீட்டர் தள்ளித் தொட்டி கட்ட எங்கே இடம்? ஆகவே நடைமுறையில் எல்லா வீடுகளுக்கும் இந்த உயரம்தான் பொருந்தும். இரண்டடி உயரத்தில், பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேரே வாயைத் திறந்து நிற்கும் குழாய்கள் எத்தனை! பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும் நேரத்தில் மட்டும், ஜன்னல் திறந்திருக்கும்போது மட்டும் நாறினால், உங்கள் வீட்டின் கிழக்குப் பக்கம் யாருடைய குழாய் அப்படி நிற்கிறது என்று பாருங்கள்.

மழை நாள் நாற்றத்துக்குக் காரணம் வேறு. ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கரையோரத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறிவிடும். உறிஞ்சுகுழி தண்ணீரை ஏற்காது. செப்டிக் டேங்க் நிரம்பி நிற்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்வான பகுதிகள் எப்படி இருந்தன என்று எல்லாரும் பார்த்தோம். அத்தகைய நாளில் தொட்டியிலும் சேம்பரிலும் (குழாய்கள் வந்து சேரும் மூடி போட்ட குழி) ஏறும் தண்ணீர், அதுவரை அங்கே இருந்த காற்றை வீட்டுப் பக்கம் தள்ளும். சாதாரண மழைக்கே இப்படி ஆகிறது என்றால், மொட்டைமாடி மழைநீர்க் குழாயைக் கழிவுநீர்ச் சேம்பரில் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். செய்யக் கூடாத இணைப்பு அது, ஆனாலும் செய்கிறார்கள். மழைநீரைப் பிரித்துத் தனியே விட்டாலே போதும். பாதாளச் சாக்கடை இணைப்பு எடுத்த வீடாக இருந்தால், தெருக் குழாய்க்கும் வீட்டுக் குழாய்க்கும் நடுவில் சேம்பரில் ஒரு டிராப் இருக்கிறதா என்று பிளம்பரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். செப்டிக் டேங்கை நீக்கிவிட்டு நேரடி இணைப்புக்கு மாறிய பழைய வீடுகளில் இதை முதலில் பார்க்க வேண்டும். முன்பு குழாயின் மறுமுனையில் இருந்தது உங்கள் வீட்டுத் தொட்டி மட்டும். இப்போது ஊர்ச் சாக்கடை முழுவதும்.

கழிவறைக் கோப்பை தரையோடு சேரும் இடத்தில் சந்தேகம் இருந்தால், ஃப்ளஷ் தொட்டியில் கொஞ்சம் சொட்டு நீலம் கலந்து பலமுறை ஃப்ளஷ் செய்யுங்கள். அடியில் நீலம் கசிந்தால் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. மேலே வெள்ளைச் சிமெண்ட் பூசுவதில் பயனில்லை. கோப்பையைக் கழற்றி ரப்பர் இணைப்பை மாற்ற வேண்டும்.

முகம் கழுவும் தொட்டிக்கு அடியில் மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக் குழாயைச் சுவர்க் குழாய்க்குள் அப்படியே செருகியிருப்பார்கள். சுற்றிலும் இடைவெளி. நூறு முறை தொட்டியைக் கழுவினாலும் நாற்றம் அந்த இடைவெளியில் வந்துகொண்டே இருக்கும். ரப்பர் வளையம் போட்டு அடைப்பது சரியான வழி, அவசரத்துக்கு எம்-சீல். வாஷிங் மெஷின் குழாயைத் தரை வாயில் சொருகுவதிலும் இதே குறைதான்.

ஏசி தண்ணீர்க் குழாய் பலருக்குத் தோன்றாத இடம். படுக்கையறையில் சாக்கடை நாற்றம், அங்கே வடிகாலே இல்லையே என்று குழம்புவார்கள். ஏசியிலிருந்து சொட்டும் நீரை, வளைவு எதுவும் வைக்காமல், கழிவுநீர்க் குழாயில் நேராக இணைத்திருப்பார்கள். ஏசி ஓடாத மாதங்களில் அந்தக் குழாய் காய்ந்து, சாக்கடைக் காற்று நேரே கட்டிலுக்கு மேலே வந்து இறங்கும். அதைப் பிரித்து வெளியே வாளியிலோ செடிக்கோ விடுங்கள்.

சமையலறை நாற்றத்தின் குணம் வேறு, புளித்த வாடை. அதற்குக் காரணம் சாக்கடைக் காற்று கிடையாது. குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்பும் மாவும். தோசை மாவுப் பாத்திரம் கழுவிய நீர், மீன் அலசிய நீர், வடித்த கஞ்சி எல்லாம் அங்கேதான் போகின்றன. கொதிக்கக் கொதிக்க வடிகஞ்சியைத் தொட்டியில் கொட்டும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பிவிசி குழாய் அந்தச் சூட்டைத் தாங்காது. இளகி, இணைப்புகள் நெகிழ்ந்துவிடும். ஆறவைத்துச் செடிக்கு ஊற்றலாம், மாட்டுக்குக் கொடுக்கலாம். சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றிப் பொங்கவிடும் வைத்தியம் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு கடைசியில் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். அடியில் ஒரு வாளியை வைத்து, டிராப்பின் அடிமூடியைத் திருகிக் கழற்றி, பழைய பிரஷ்ஷால் தேய்த்து, பாத்திரம் துலக்கும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் விட்டுக் கழுவுவதற்கு ஈடு எதுவும் இல்லை. மேலே தொட்டியில் தண்ணீர் வழிவதற்கென்று ஒரு ஓட்டை இருந்தால் அதற்குள்ளும் பிரஷ்ஷை விடுங்கள்.

குழாயைத் திறந்து தண்ணீர் விடும்போது மட்டும் முட்டை நாற்றம் வந்தால், ஒரு கண்ணாடிக் குவளையில் அந்தத் தண்ணீரைப் பிடித்து வேறு அறைக்குக் கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். அங்கேயும் நாறினால் குறை தண்ணீரில். போர்வெல்லைப் பார்க்க வேண்டும். வெந்நீர் மட்டும் நாறினால் கீசருக்குள் இருக்கும் மக்னீசியக் கம்பியை மாற்றச் சொல்லுங்கள்.

கரப்பான் வராமல் தடுக்கும் சிலிக்கான் நாக்கு வைத்த மூடிகள் கடையில் கிடைக்கின்றன. வாங்கிப் போடலாம், ஆனால் அவற்றை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு முடி சிக்கினால் நாக்கு மூடாது.

வீட்டின் எல்லா வாய்களிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் மெதுவாகப் போய், எல்லாமே நாறினால் தொட்டி நிரம்பியிருக்கிறது. செப்டிக் டேங்கை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை உறிஞ்சி எடுக்க வேண்டும். லாரியை மட்டுமே அழையுங்கள். யாரையும் உள்ளே இறங்கச் சொல்லக் கூடாது, அவரே இறங்குகிறேன் என்றாலும் விடக் கூடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றமாக்கியிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் ஒரு மனிதனை அந்த வாயுவுக்குள் அனுப்ப நமக்கு உரிமை கிடையாது.

உரிமையாளரிடம் “நாறுகிறது” என்று மட்டும் சொன்னால் ஃபினாயில் வாங்கச் சொல்வார். “வென்ட் பைப் அடைத்திருக்கிறது”, “இந்த நஹானி டிராப்பில் கிண்ணம் இல்லை”, “மழைநீர் சேம்பரில் சேர்கிறது” என்று இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள். வென்ட், சேம்பர், தொட்டி ஆகியவை கட்டடத்தைச் சேர்ந்தவை. அவர்தான் செய்து தர வேண்டும். கிண்ணம், ரப்பர் வளையம் போன்றவற்றை நீங்களே வாங்கிப் போட்டுவிடுவது வேகமான வழி.

மஞ்சக்குப்பம் வீட்டில் நடப்பது மிக எளிது: டிராப்புகள் காய்ந்துவிட்டன. கத்திரி வெயிலில் பூட்டிய வீட்டில் அந்த இரண்டு அங்குலம் சில வாரங்களில் ஆவியாகிவிடும். அடுத்த முறை திறக்கும்போது முதலில் கதவு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு வாசலில் சிறிது நேரம் நில்லுங்கள். உள்ளே போனதும் விளக்கேற்ற வேண்டாம். ஒவ்வொரு வாயிலும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள், பயன்படுத்தாத பால்கனி வாயையும் கழிவறைக் கோப்பையையும் சேர்த்து. திரும்பப் பூட்டும் முன் ஒவ்வொரு தரை வாயிலும் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் மேலே படர்ந்து ஆவியாவதைத் தடுக்கும். பக்கத்தில் நம்பிக்கையான அக்காவோ அண்ணனோ இருந்தால் சாவியைக் கொடுத்து, மாதம் ஒருமுறை தண்ணீர் ஊற்றச் சொன்னால் எண்ணெய்கூடத் தேவையில்லை.